எடின்பரோவின் பெல்டேன் தீவிழா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில், நகரின் நடுவே எழும் கால்ட்டன் குன்றின்மேல், ஆண்டுதோறும் ஏப்ரல் 30ஆம் நாள் இரவு தீப்பந்தங்களும் முரசுகளும் சூழ ஒரு விழா நடைபெறுகிறது. கோடையின் பிறப்பைக் கொண்டாடும் அவ்விழாவைக் காணச் செல்ல நினைக்கும் தமிழர்களும், படங்களை மட்டும் பார்த்துவிட்டு வியப்போ ஐயமோ கொண்டவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்பட்டுள்ளன.

பெல்டேன் என்பது என்ன?

அயர்லாந்து, ஸ்காட்லாந்து ஆகிய நாடுகளின் கேலிக் மொழி பேசிய மக்கள் ஆண்டை இரண்டு பாதிகளாகப் பகுத்தார்கள். நவம்பர் முதல் நாளோடு இருண்ட பாதியும், மே முதல் நாளோடு ஒளிமிக்க பாதியும் தொடங்கின. அந்த மே முதல் நாளின் பெயரே பெல்டேன். அவர்களுடைய கணக்கில் பொழுது சாயும்போதே மறுநாள் பிறந்துவிடுவதால், மே விழா ஏப்ரல் 30ஆம் நாள் மாலையிலேயே தொடங்குகிறது. பெயரின் பின்பகுதி தீயைக் குறிக்கும் என்றும், முழுச் சொல்லுக்கும் ஒளிரும் தீ என்று பொருள் கொள்ளலாம் என்றும் பலர் விளக்குவர்.

இது அடிப்படையில் உழவர் விழா அன்று, ஆயர் விழா. குளிர்காலம் முழுவதும் தொழுவத்தில் அடைந்து மெலிந்த மாடுகளை மலைமேலுள்ள கோடை மேய்ச்சல் நிலங்களுக்கு ஓட்டிச் செல்லும் காலம் அது. மாடு பிழைத்தால்தான் வீடு பிழைக்கும் என்ற வாழ்க்கையில், மந்தையை மலையேற்றுவதற்கு முன் அதற்குக் காப்புச் செய்வது எவ்வளவு முக்கியமாக இருந்திருக்கும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், விழாவில் தீ ஏன் நடுநாயகமாக நிற்கிறது என்பது எளிதில் விளங்கும்.

பழங்காலத்தில் உண்மையில் என்ன செய்தார்கள்?

நமக்குக் கிடைக்கும் சான்றுகள் குறைவு. ஆயினும் அவை மிகத் தெளிவானவை. ஏறக்குறைய 900ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஓர் அயர்லாந்து அகராதி, துருயிதுகள் என்னும் பழைய பூசாரிகள் மந்திரம் ஓதி இரண்டு தீ மூட்டுவார்கள் என்றும், அவ்விரண்டுக்கும் நடுவே மாடுகளை ஓட்டினால் அந்த ஆண்டு நோய் அண்டாது என்பது நம்பிக்கை என்றும் கூறுகிறது.

ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளைப் பற்றி 1703இல் எழுதிய மார்ட்டின் மார்ட்டின், ‘கட்டாயத் தீ’ என்ற வழக்கத்தை விவரிக்கிறார். கொள்ளைநோய் வரும் காலத்தில் ஊரிலுள்ள எல்லா அடுப்புகளும் அணைக்கப்படும். பின்னர் மணமான ஆண்கள் 81 பேர், ஒன்பது பேராக முறைவைத்து, மரத்தோடு மரத்தை உரசித் தீ உண்டாக்குவார்கள். அந்தப் புதுத் தீயிலிருந்தே எல்லா வீட்டு அடுப்புகளும் மீண்டும் எரியும். சங்கப் பாடல்களில் ஞெலிகோல் என்ற சொல்லைக் கண்டவர்களுக்கு, கடைந்தெடுக்கும் தீ என்பது புதிய செய்தியாக இராது. பிற்காலத்தில் பெல்டேன் தீயையும் இவ்வாறு கடைந்தே எடுத்த ஊர்கள் ஸ்காட்லாந்தின் உயர்நிலப் பகுதியில் இருந்தன.

என் மனத்தில் மிகவும் தங்கியது, 1769இல் ஸ்காட்லாந்தில் பயணம் செய்த தாமஸ் பென்னன்ட் விட்டுச் சென்ற குறிப்பு. பெர்த்ஷயர்ப் பகுதியின் மேய்ப்பர்கள் மே முதல் நாளன்று தரையில் சதுரமாகப் பள்ளம் வெட்டி, நடுவே புல்தரையை விட்டுவைத்து, அதன்மேல் தீ மூட்டி, முட்டையும் வெண்ணெயும் ஓட்ஸ் மாவும் பாலும் கலந்த கூழைக் காய்ச்சுவார்கள். முதலில் சிறிது கூழை நிலத்தில் ஊற்றுவார்கள். பிறகு ஒவ்வொருவரும் ஒன்பது குமிழ்கள் கொண்ட ஓட்ஸ் அடையைக் கையில் எடுத்து, தீயை நோக்கி நின்று, ஒரு குமிழைக் கிள்ளித் தோளுக்குப் பின்னால் எறிந்து, இதை உனக்குத் தருகிறேன், என் குதிரைகளைக் காப்பாற்று என்று வேண்டுவார்கள். அடுத்ததை எறிந்து ஆடுகளைக் காக்க வேண்டுவார்கள். காக்கும் ஆற்றல்களுக்குக் கொடுத்து முடித்த பிறகு, அழிக்கும் விலங்குகளுக்கும் பங்கு உண்டு: நரிக்கு ஒன்று, காகத்துக்கு ஒன்று, கழுகுக்கு ஒன்று. என் ஆட்டுக்குட்டிகளை விட்டுவிடு என்று நரியிடமே கேட்கும் அந்த வேண்டுதலில் பகைமை இல்லை. ஒரே மலையில் வாழும் இருவருக்கு இடையிலான உடன்படிக்கையே இருக்கிறது.

இன்று நடப்பது அந்தப் பழைய விழாவின் தொடர்ச்சியா?

இல்லை. ஏற்பாட்டாளர்களும் அவ்வாறு உரிமை கொண்டாடுவதில்லை. எடின்பரோத் தீவிழா 1988இல் தொடங்கப்பட்டது. பழைய வழக்கங்கள் ஊருக்கு ஊர் படிப்படியாக மறைந்து, பெரும்பாலான இடங்களில் 19ஆம் நூற்றாண்டுக்குள் நின்றுபோயின. 1988இல் கூடியவர்கள் அறுந்த கயிற்றை முடிச்சுப் போட்டு இணைத்ததாகச் சொல்லவில்லை. பழைய குறிப்புகளையும் நாட்டார் வழக்குகளையும் படித்து, தம் காலத்துக்கேற்ற ஒரு புதிய விழாவை உருவாக்கினார்கள்.

இதைக் கேட்டதும் சிலர் ஏமாற்றமடைகிறார்கள். ஆயிரம் ஆண்டுப் பழமை என்றால்தான் மதிப்பு என்று நினைக்கிறார்கள். நான் அவ்வாறு நினைக்கவில்லை. பொய்யான தொன்மையைச் சூடிக்கொண்ட விழாக்கள் உலகெங்கும் உள்ளன. தன் வயதை ஒளிக்காமல் சொல்லிக்கொண்டு, அதே வேளையில் பல ஆண்டுகளாகக் குன்றேறித் தீ மூட்டும் இவ்விழாவை அவற்றைவிட நம்பத் தகுந்ததாகவே கருதுகிறேன். தொடங்கிய காலத்தில் குழந்தையாகப் பார்த்தவர் இன்று தம் பிள்ளையை அழைத்து வரும் அளவுக்கு ஆண்டுகள் கழிந்துவிட்டன. எந்த மரபுக்கும் எங்கோ ஓரிடத்தில் ஒரு முதல் ஆண்டு இருந்தே ஆகவேண்டும்.

யார் தொடங்கினார்கள்? ஏன் 1988?

டெஸ்ட் டெப்ட் என்ற இசைக்குழுவின் உறுப்பினரான ஆங்கஸ் ஃபர்குவார் இதன் முதன்மை முயற்சியாளர். நடன அமைப்பாளர் லின்ட்சே ஜானும் வேறு பல கலைஞர்களும் உடன் நின்றார்கள். எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் 1951 முதல் வாய்மொழி மரபுகளைச் சேகரித்துவந்த ஸ்காட்டிய ஆய்வுகள் துறை, அறிஞர்களின் துணையை அளித்தது. டெஸ்ட் டெப்ட் குழுவினர் கைவிடப்பட்ட இரும்புத் துண்டுகளையும் தொழிற்சாலைக் கழிவுகளையும் கருவிகளாக அடித்து இசையமைத்தவர்கள். 1984–85இல் சுரங்கத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்காகத் தோள் கொடுத்தவர்கள்.

அந்தக் காலச்சூழலை அறியாமல் விழாவைப் புரிந்துகொள்ள இயலாது. வேலைநிறுத்தம் தோற்றிருந்தது. சுரங்கங்களும் ஆலைகளும் மூடப்பட்டுக்கொண்டிருந்தன. இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் பெருங்கற்களின் அருகே 1974 முதல் 1984 வரை கோடைதோறும் கூடிய கட்டணமற்ற விழா, 1985 ஜூன் முதல் நாளன்று காவல்துறை அங்கு சென்றுகொண்டிருந்த வண்டிகளை மறித்துப் பலரைத் தாக்கிக் கைதுசெய்ததோடு முடிந்துபோனது. மக்கள் விலை கொடுக்காமல், அனுமதிச்சீட்டு இல்லாமல், திறந்தவெளியில் ஒன்றாகக் கூடுவதே ஐயத்துக்குரிய செயலாகப் பார்க்கப்பட்ட அந்த ஆண்டுகளில், நகரின் நடுவிலுள்ள பொதுக்குன்றில் தீ மூட்டி எல்லோரையும் கட்டணமின்றி அழைப்பது ஒரு கலைநிகழ்ச்சி மட்டுமாக இருந்திருக்க முடியாது. முதல் ஆண்டில் ஒரு கைவிரல்களில் எண்ணிவிடத்தக்க கலைஞர்களும் நூறு பேருக்கு மேற்படாத பார்வையாளர்களும் இருந்தார்கள். இன்று 300க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் பங்கேற்கிறார்கள். பார்வையாளர்கள் ஆயிரக்கணக்கில் வருகிறார்கள்.

‘பேகன்’ என்ற சொல்லைத் தமிழில் எப்படிப் புரிந்துகொள்வது?

இலத்தீன் மொழியில் நாட்டுப்புறத்தார் என்ற பொருளுடைய சொல்லிலிருந்து வந்தது இது. பின்னர் கிறித்தவரல்லாதவரைக் குறிக்கும் இழிசொல்லாகியது. தமிழிலும் இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1713இல் தரங்கம்பாடியில் தமிழ் எழுத்தில் அச்சேறிய தொடக்ககாலச் சிறுநூல்களில் ஒன்று, செருமானிய மறைபரப்பாளர் சீகன்பால்கு ‘அக்கியானம்’ (அஞ்ஞானம்) என்பதைக் கண்டித்து எழுதியது. அஞ்ஞானிகள் என்று அன்று அழைக்கப்பட்டவர்கள் நம் முன்னோர்கள். ஆகவே, ஐரோப்பியர் சிலர் அதே பொருளுடைய வசைச்சொல்லை இன்று தாமாக எடுத்துப் பெருமையுடன் சூடிக்கொள்வது நம் கவனத்துக்குரியது.

இன்றைய பேகன் சமயங்கள் 20ஆம் நூற்றாண்டில் உருவானவை. பிரித்தானியாவில் சூனியத் தடைச் சட்டம் 1951இல் நீக்கப்பட்ட பிறகு, ஜெரால்டு கார்ட்னர் 1954இல் விக்கா என்னும் வழிபாட்டு முறையைப் பொதுமக்களுக்கு அறிமுகப்படுத்தினார். நான்கு கேலிக் பருவ விழாக்களையும், சூரியனின் இரண்டு திருப்பங்களையும், இரவும் பகலும் சமமாகும் இரண்டு நாள்களையும் சேர்த்து எட்டு விழாக்கள் கொண்ட ‘ஆண்டுச் சக்கரம்’ அக்காலத்திலேயே அமைந்தது. இவர்களுக்கு ஒரே மறைநூல் இல்லை. ஒரே தலைவரும் இல்லை. இயற்கையைப் புனிதமாகக் கருதுவதும், ஆண் தெய்வத்தோடு பெண் தெய்வத்தையும் போற்றுவதும் பலரிடம் பொதுவாகக் காணப்படும். ஸ்காட்லாந்தின் 2022ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 19,000 பேர் தம்மைப் பேகன் என்று பதிவுசெய்திருந்தார்கள்.

அன்றிரவு என்னதான் நடக்கும்?

ஏப்ரல் இறுதியில் எடின்பரோவில் இரவு ஒன்பது மணிக்குச் சற்று முன்புதான் சூரியன் மறையும். குன்றின் உச்சியில், நெப்போலியன் போர்களில் இறந்தவர்களுக்காக 1826இல் கட்டத் தொடங்கி, பணம் போதாமல் 1829இல் நின்றுபோன தேசிய நினைவுச்சின்னம் இருக்கிறது. ஏதென்சின் பார்த்தினான் கோயிலைப் போலத் திட்டமிடப்பட்ட அதில் பன்னிரண்டு தூண்கள் மட்டுமே எழும்பின. அந்தத் தூண்களே விழாவின் வாயில். கீழே மக்கள் நெருக்கியடித்துக் காத்து நிற்க, தூண்களுக்கு நடுவே தீ தோன்றும், முரசு தொடங்கும், வெண்ணிற ஆடையும் ஓங்கிய முடியணியுமாக மே அரசி எழுந்தருள்வாள்.

அவளுக்குத் துணையும் எதிருமாக நிற்பவன் பச்சை மனிதன். தொடக்கத்தில் அவன் குளிர்காலத்தின் உருவில், பழைய ஆண்டின் சுமையைப் போர்த்தியபடி வருவான். வெண்மகளிர் அரசியைச் சூழ்ந்து காப்பார்கள். அவர்களுடைய அசைவுகள் ஒழுங்கும் கட்டுப்பாடும் கொண்டவை. உடல் முழுவதும் நீலம் பூசிய நீலர், ஓசையின்றி ஊர்வலத்துக்கு வழியமைப்பார்கள். சடங்கைக் காக்கும் மூத்தோர் அவர்களே. ஊர்வலம் நெருப்பு வளைவு ஒன்றினுள் நுழைந்து குன்றைச் சுற்றிச் செல்லும்போது, காற்று, நிலம், நீர், நெருப்பு ஆகியவற்றின் உருவான குழுக்கள் ஒவ்வோர் இடத்திலும் அரசியை எதிர்கொண்டு ஆடும். உறங்கிக் கிடந்த இயற்கைப் பூதங்களை அவள் ஒவ்வொன்றாக எழுப்புகிறாள் என்பது கருத்து.

இதற்கிடையே சிவப்பர் வருவார்கள். உடல் முழுதும் செஞ்சாயம் பூசி, அடங்காத கூச்சலும் துள்ளலுமாகக் கூட்டத்துக்குள் புகுந்து ஓடும் இவர்கள் குழப்பத்தின் உருவம்; வெண்மகளிரின் ஒழுங்குக்கு நேர் எதிரானவர்கள்.

கதையின் உச்சம் ஒரு மரணம். பச்சை மனிதன் தன் ஆசையை அடக்காமல் அரசியைத் தொட முயல்கிறான். வெண்மகளிர் அவனைக் கொன்று, குளிர்காலப் போர்வையைக் களைகிறார்கள். அந்நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் நிற்கும் குன்றில் முரசுகள் மெல்ல அடங்கும். பின்னர் அரசியே அவனுக்கு உயிர் தருகிறாள். அவன் தளிரின் பச்சையோடு எழுந்து ஆடுகிறான். இருவருமாகப் பெருந்தீயை மூட்டுகிறார்கள். கோடை பிறந்துவிட்டது.

அதன் பின் சிவப்பர் வெண்மகளிரை நோக்கிப் பாய்வதும், விரட்டப்படுவதும், கடைசியில் ஏற்கப்படுவதும் நிகழும். இறுதியில் எல்லோரும் தழைப்பந்தல் ஒன்றில் கூடுகிறார்கள். களைத்த கலைஞர்களுக்கு உணவும் பானமும் தரப்படும். பார்வையாளருக்கும் ஆடுவோருக்கும் இடையிலான எல்லை கரைந்துபோகும். எல்லாம் முடிய நள்ளிரவு தாண்டிவிடும்.

மே அரசியும் பச்சை மனிதனும் பழைய கேலிக் தெய்வங்களா?

இல்லை. மே அரசி, இங்கிலாந்தின் மே நாள் கொண்டாட்டங்களில் பூமுடி சூட்டப்படும் பெண்ணின் வழியில் வந்தவள். பச்சை மனிதன் என்ற பெயர், தேவாலயச் சிற்பங்களில் காணப்படும் இலைமுகங்களுக்கு 1939இல் சீமாட்டி ராக்லன் ஒரு கட்டுரையில் சூட்டியது. இவை பல இடங்களிலிருந்து வந்து இக்குன்றில் ஒன்றுசேர்ந்த உருவங்கள்.

இது வழிபாடா, நாடகமா?

விழாவை நடத்தும் பெல்டேன் தீச்சங்கம் சமய அமைப்பு அன்று. கலைப்பணி செய்யும் ஓர் அறக்கட்டளை. பங்கேற்பவர்களில் பேகன் சமயத்தவர் உண்டு, கிறித்தவர் உண்டு, எச்சமயமும் இல்லாதவரும் உண்டு. எவரிடமும் நம்பிக்கை உறுதிமொழி கேட்கப்படுவதில்லை. இதைத் திறந்த சடங்கு என்று அழைப்பதன் பொருளே இதுதான்: தீட்சை பெற்றவர் மட்டும் மூடிய வட்டத்துக்குள் செய்யும் விக்காச் சடங்கு ஒன்று; வழியே போகிறவரும் வந்து நிற்கத்தக்க சடங்கு வேறொன்று.

ஆனால் நம்பிக்கையாளர் இல்லை என்பதற்காக இதை வெறும் நாடகம் என்று தள்ளிவிடவும் முடியாது. நாடகத்தைப் பார்வையாளர் விரும்பினால் வேறொரு நாளில் பார்க்கலாம். பெல்டேனை மே மாத நடுவில் நடத்த இயலாது. மழை கொட்டினாலும் அதே இரவில், அதே குன்றில், அதே வரிசையில் நடக்க வேண்டும். கதையின் முடிவு எல்லோருக்கும் முன்பே தெரியும். தெரிந்தும் பச்சை மனிதன் விழும்போது மூச்சடக்குகிறார்கள். நாளுக்கும் இடத்துக்கும் கட்டுப்பட்டு, ஒரு சமுதாயம் தன் உடலால் ஆண்டுதோறும் திரும்பச் செய்வதைச் சடங்கு என்று அழைக்காமல் வேறு என்னவென்று அழைப்பது?

2020இல் பெருந்தொற்றின் காரணமாகக் குன்றில் கூட முடியாமல்போனபோது, விழா இணையவழியில் நடத்தப்பட்டது. 2022இல் மீண்டும் குன்றுக்குத் திரும்பினார்கள். விட்டுவிடலாம் என்று தோன்றாமல், எவ்வழியிலேனும் அந்த இரவைக் காக்க வேண்டும் என்று தோன்றியதையே நான் சான்றாகக் கொள்கிறேன்.

இசை எப்படிப்பட்டது?

முரசுதான் எல்லாம். ஊர்வலத்தோடு நடக்கும் முரசுக்குழுவின் தாளம் மே அரசியின் நடையைத் தீர்மானிக்கிறது. தாளம் விரைந்தால் ஊர்வலம் விரையும், தாளம் தயங்கினால் எல்லோரும் நிற்பார்கள். ஆடுவோருக்குப் பேச்சு இல்லை. ஆகவே கதை நகர்ந்ததை அறிவிக்கும் பொறுப்பும் முரசுக்கே உரியது. தொடக்கத்தில் இரும்பை அடித்து இசைத்தவர்களின் கைவண்ணம் இன்றும் இதில் எஞ்சியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பாடகர் ஒருவர் நின்று பாட, மற்றவர்கள் கைதட்டும் இசைவிழாவை எதிர்பார்த்துச் செல்பவர்கள் ஏமாறுவார்கள். இங்கே ஊர்வல இசைக்கு மேடை கிடையாது. அது நம்மைக் கடந்து நடந்து செல்லும். அருகில் வரும்போது நெஞ்செலும்பில் அதிர்வதும், வளைவைத் தாண்டியபின் குன்றின் மறுபுறத்திலிருந்து மங்கிக் கேட்பதும் அந்த இசையின் பகுதிகளே.

குழந்தைகளை அழைத்துச் செல்லலாமா? உடையின்றி ஆடுகிறார்கள் என்கிறார்களே?

சிவப்பர் முதலிய சில குழுவினர், ஆண்களும் பெண்களுமாக, இடுப்பில் சிறு துணியும் மேலே சாயமும் மட்டும் அணிந்து ஆடுவதுண்டு. இதை முன்கூட்டியே அறிந்து செல்வது நல்லது. காமத்தைத் தூண்டும் காட்சியாக இது அமைக்கப்படுவதில்லை. ஆயினும் கோடையின் பிறப்பு என்பது இனப்பெருக்கத்தின் பிறப்பும்கூட என்பதை விழா மறைப்பதில்லை. பிள்ளைகளுக்கு இதை எப்படி விளக்குவது என்பது அந்தந்தப் பெற்றோரின் பொறுப்பு. உடையைவிட இருட்டு, நெரிசல், பேரோசை, பின்னிரவுக் குளிர் ஆகியவையே சிறுவருக்குப் பெரிய இடர் என்பது என் கருத்து. கைக்குழந்தையோடு செல்வதைத் தவிர்க்கலாம்.

வேறு சமயத்தவர் கலந்துகொண்டால் தம் சமயத்துக்கு முரணாகுமா?

நின்று பார்ப்பவரிடம் எந்த வணக்கமும் கோரப்படுவதில்லை. தீயின் முன் நிற்பதே தம் நம்பிக்கைக்கு ஒவ்வாது என்று கருதுவோர் செல்லாதிருப்பதும் நேர்மையான முடிவே.

இதில் சூனியமோ பலியோ உண்டா?

விலங்குப் பலி எதுவும் இல்லை. எவருக்கும் தீங்கு வேண்டும் சடங்கும் இல்லை. இந்தக் கேள்விக்கு எடின்பரோவில் தனியான கனம் உண்டு. ஸ்காட்லாந்தில் 1563 முதல் 1736 வரை நடப்பிலிருந்த சூனியச் சட்டத்தின்கீழ் ஏறக்குறைய 4,000 பேர் குற்றஞ்சாட்டப்பட்டார்கள். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். இதே நகரின் கோட்டை வாயிலில் பலர் கழுத்து நெரிக்கப்பட்டு எரிக்கப்பட்டார்கள். அக்கொடுமைக்காக, அன்றைய முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் 2022 மார்ச் 8ஆம் நாள் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தில் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். கோட்டையும் கால்ட்டன் குன்றும் ஒன்றையொன்று பார்த்து நிற்பவை. தீ அங்கே எதற்குப் பயன்பட்டது, இங்கே எதற்குப் பயன்படுகிறது என்பதை எண்ணாமல் என்னால் இவ்விழாவைப் பற்றிப் பேச முடிவதில்லை.

தொடக்கத்தில் கட்டணம் இல்லை என்றீர்கள். இப்போது ஏன் சீட்டு வாங்க வேண்டும்?

கூட்டம் பெருகியது. குன்றில் எத்தனை பேர் பாதுகாப்பாக நிற்கலாம் என்பதற்கு எல்லை உண்டு. திறந்த தீ உள்ள இடத்தில் மருத்துவ உதவி, தடுப்புகள், விளக்குகள், காவலர்கள், துப்புரவு ஆகிய அனைத்துக்கும் பணம் வேண்டும். ஆடுவோரும் முரசடிப்போரும் ஊதியம் பெறுவதில்லை. கட்டணமற்ற கூடலாகப் பிறந்த ஒன்றுக்கு வேலியும் வாயிலும் வந்தது எனக்கு வருத்தமே. ஆனால் வேலியின்றி அது நின்றே போயிருக்கும் என்பதையும் மறுக்க முடியாது. சீட்டுகள் முன்கூட்டியே தீர்ந்துவிடுவது வழக்கமாதலால், ஏப்ரல் மாதத் தொடக்கத்திலேயே வாங்கிவிடுவது நல்லது.

நானும் பங்கேற்று ஆட முடியுமா?

முடியும்; இவ்விழாவின் மிக அருமையான இயல்பு இதுவே என்று நான் கருதுகிறேன். ஆண்டின் தொடக்கத்தில் சங்கம் புதியவர்களை அழைக்கும். ஆட்டப் பயிற்சியோ இசைப் பயிற்சியோ முன்பே பெற்றிருக்க வேண்டியதில்லை. முரசுக் குழு, பூதக் குழுக்கள், சிவப்பர், வெண்மகளிர், தீப்பந்தம் ஏந்துவோர், கூட்டத்தை ஒழுங்குபடுத்துவோர், உடை தைப்போர் எனத் தமக்கு ஏற்ற பணியைத் தேர்ந்துகொண்டு, விழா வரைக்கும் பல வாரங்கள், பெரும்பாலும் குளிரிலும் மழையிலும் பூங்காக்களில் ஒத்திகை செய்வார்கள். பகலில் செவிலியராகவும் மாணவராகவும் கணினிப் பணியாளராகவும் இருப்பவர்களே அன்றிரவு சாயம் பூசி நிற்பவர்கள். ஊருக்குப் புதிதாக வந்து, அறையும் வகுப்புமாகத் தனித்துப்போன மாணவர்களுக்கு நான் முதலில் சொல்லும் அறிவுரை இக்குழுக்களில் ஒன்றில் சேருமாறுதான். அடுத்தவரின் முதுகில் சாயம் பூசிவிட்ட பிறகு, அவர் அந்நியராக இருப்பதில்லை.

எப்படிச் செல்வது? என்ன உடுத்துவது?

வேவர்லி தொடர்வண்டி நிலையத்திலிருந்து குன்றுக்கு நடந்தே செல்லலாம். குன்றின் உயரம் 103 மீட்டர்தான். ஆனால் உச்சியில் கடற்காற்று நேராக வந்து அடிக்கும். கோடை விழா என்ற பெயரை நம்பி மெல்லிய உடையில் செல்ல வேண்டாம். அந்த இரவில் வெப்பநிலை ஐந்து பாகைக்குக் கீழே இறங்குவது சாதாரணம். கம்பளி உடையும், மழை தாங்கும் மேலாடையும், சேற்றில் வழுக்காத காலணியும் வேண்டும். செயற்கை இழையால் ஆன தொங்கும் உடைகளைத் தீயின் அருகே தவிர்க்க வேண்டும். சேலையிலோ நீண்ட துப்பட்டாவிலோ செல்ல விரும்புவோர் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

எங்கே நிற்பது என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல்: ஒரே நேரத்தில் பல இடங்களில் நிகழ்ச்சிகள் நடப்பதால் முழுவதையும் எவராலும் பார்க்க முடியாது. தூண்களின் முன் முதல் வரிசையைப் பிடிப்பதற்காக இரண்டு மணி நேரம் நிற்பதைவிட, ஊர்வலம் கடந்துபோகும் பாதையோரத்தில் ஓரிடத்தைத் தேர்ந்து காத்திருப்பதே நிறைவு தரும்.

படம் எடுக்கலாமா?

தனிப்பட்ட நினைவுக்காக எடுப்பவர்கள் பலர். ஆடையின்றி ஆடுவோரின் படத்தை அவர்கள் அறியாமல் இணையத்தில் பரப்புவது கூடாது. பளிச்சொளி, இருட்டில் தீயைக் கையாள்பவரின் கண்ணை மறைத்துவிடும் என்பதால் அதை அணைத்துவைக்க வேண்டும்.

ஏப்ரலில் செல்ல முடியாதவர்களுக்கு வேறு விழா உண்டா?

அதே சங்கம் அக்டோபர் 31ஆம் நாள் இரவு இருண்ட பாதியின் தொடக்கத்தைக் கொண்டாடுகிறது. அவ்விழாவின் கேலிக் பெயர் ஏறத்தாழ ‘சாவின்’ என்று ஒலிக்கும். தமிழில் அது தரும் பொருள் தற்செயலானதுதான் என்றாலும், இறந்தோரை நினைக்கும் இரவுக்கு அது பொருந்தாமல் போகவில்லை. அதில் கோடை அரசனை வீழ்த்திக் குளிர்கால அரசன் ஆட்சியேற்பான். கேய்லக் என்னும் கிழவித் தெய்வம் அதற்குச் சாட்சியாக நிற்பாள். வசந்தத்தில் எழுந்த பச்சையின் மறுபாதிக் கதை அது.

விழா முடிந்த பிறகு உடனே திரும்பிவிட வேண்டுமா?

குன்றைவிட்டு இறங்கியாக வேண்டும். ஆனால் விடியும்வரை விழித்திருக்க வலுவுள்ளவர்கள் அங்கிருந்து தென்கிழக்கே தெரியும் ஆர்தர்ஸ் சீட் மலைக்கு நடக்கலாம். 1988இல் விழாவை முதலில் நடத்த நினைத்த இடமும் அதுவே. நடைமுறைக் காரணங்களால்தான் கால்ட்டன் குன்று தேர்ந்தெடுக்கப்பட்டது. மே முதல் நாள் விடியலில் அங்குள்ள புல்லின் பனிநீரால் முகம் கழுவுவது எடின்பரோப் பெண்களின் பழைய வழக்கம். தீவிழாவைவிடப் பல தலைமுறைகள் மூத்தது. இன்றும் சிலர் அதைக் கடைப்பிடிக்கிறார்கள். மலையின் உயரம் 251 மீட்டர். அன்று சூரியன் காலை ஐந்தரை மணியளவில் எழும். இரவெல்லாம் முகத்தில் படிந்த கரியைக் கழுவிக்கொள்ள அந்தப் பனிநீர் போதுமானது.